அமெரிக்கக் கல்லூரியில் முதல் கணித வகுப்பு: எதில் சேருவது, எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரியிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ முதலாண்டு சேரும் நம்மவர்களைக் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த மேத் எடுக்கணும்?" பிளஸ் டூ முடித்த கையோடு வரும் பையனுக்கும் இதே குழப்பம்தான். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு நர்சிங் படிக்கக் கிளம்பும் அம்மாவுக்கும் இதே குழப்பம்தான். பட்டியலைத் திறந்தால் காலேஜ் ஆல்ஜிப்ரா, ப்ரீகால்குலஸ், பிசினஸ் கால்குலஸ், கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று நீண்டுகொண்டே போகும். நம் ஊரில் குரூப் எடுத்தால் பாடம் தானாக வந்துவிடும். இங்கே ஒவ்வொரு வகுப்பையும் நீங்களே பொறுக்க வேண்டும், தவறாகப் பொறுக்கினால் காசும் ஒரு செமஸ்டரும் போகும்.

முதலில் பட்டத்தைப் பாருங்கள், பிறகு வகுப்பை

எளிதானதில் தொடங்கி மேலே போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் பட்டத்தின் தேவைப் பட்டியலைக் கல்லூரித் தளத்தில் எடுத்து, அதில் கணிதம் என்ன கேட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பொறியியல், இயற்பியல் என்றால் கால்குலஸ் மூன்றும், அதற்கு மேல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸும் வரும். கணினி அறிவியலுக்குப் பெரும்பாலும் கால்குலஸ் இரண்டு வரையும், கூடவே டிஸ்க்ரீட் மேத், லீனியர் ஆல்ஜிப்ராவும். நர்சிங், உளவியல், சமூகவியல் பக்கம் போகிறவருக்கு வழக்கமாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும். அவர் ப்ரீகால்குலஸில் உட்கார்ந்து அலகு வட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. வணிகவியலுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பிசினஸ் கால்குலஸும் கேட்பார்கள்.

இந்த பிசினஸ் கால்குலஸில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயரில் கால்குலஸ் இருந்தாலும் அதில் முக்கோணவியல் அநேகமாக இருக்காது, நிறுவல்களும் குறைவு. நாளைக்கு மனம் மாறிப் பொறியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ தாவினால் அந்த வகுப்பு பொதுவாகக் கணக்கில் வராது, கால்குலஸ் ஒன்றை முதலிலிருந்து எடுக்கவேண்டியிருக்கும். எந்தத் துறை என்று முடிவாகவில்லை என்றால், தயக்கமே வேண்டாம், சாதாரண கால்குலஸ் ஒன்றை எடுங்கள். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் செல்லும்.

வகுப்பு எண்ணைப் படிக்கப் பழகுவதும் நல்லது. டெக்சாஸில் கல்லூரிகளுக்குப் பொதுவான எண் முறை இருக்கிறது. அங்கே மேத் 2413 என்றால் கால்குலஸ் ஒன்று. முதல் இலக்கம் 2 இரண்டாமாண்டு நிலையைச் சொல்கிறது, அடுத்த 4 என்பது நான்கு கிரெடிட், அதாவது வாரத்துக்கு நான்கு மணி நேர வகுப்பு. மேத் 2412 ப்ரீகால்குலஸ். மேத் 1342 அறிமுகப் புள்ளியியல், மூன்று கிரெடிட். மேத் 1325 மேலே சொன்ன பிசினஸ் கால்குலஸ். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி, கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கு மாற நினைப்பவர், எந்த வகுப்பு அங்கே எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் பார்க்கலாம். கவுன்சிலர் வாயால் சொன்னாலும் அதை அங்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நிலை அறியும் தேர்வு

கால்குலஸில் நேரே உட்கார விடுவார்களா, ப்ரீகால்குலஸுக்கு அனுப்புவார்களா என்பதைப் பல இடங்களில் பிளேஸ்மென்ட் தேர்வு தீர்மானிக்கும். அலெக்ஸ் என்ற இணையத் தேர்வு பரவலாக உள்ள ஒன்று. அதிகம் போனால் 30 கேள்விகள். நீங்கள் எழுதும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். பெரும்பாலானவற்றில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது கிடையாது, விடையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். மதிப்பெண் 100-க்கு. எத்தனை எடுத்தால் எந்த வகுப்பு என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே வைத்துக்கொள்கிறது.

இந்தத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதவிடும் கல்லூரிகள் உண்டு. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதும் ஆசை வரும். அண்ணன் வாங்கிய மதிப்பெண்ணில் நீங்கள்தான் கால்குலஸ் வகுப்பில் போய் உட்காரப் போகிறீர்கள். அதற்கு பதிலாக ஒரு வாரம் பின்னம், அடுக்கு விதிகள், காரணிப்படுத்தல், மடக்கை, சைன் கொசைன் மதிப்புகள் ஆகியவற்றைத் துடைத்து எடுத்துவிட்டுத் தனியாக எழுதுங்கள். முதல் முறை சரிவராவிட்டால் இடைவெளி விட்டு மறுபடி எழுதப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் நிலைமை வேறு. 2017-இல் வந்த ஏபி 705 சட்டமும், 2022-இல் அதை இறுக்கிய ஏபி 1705 சட்டமும் மாணவர்களைக் கீழ்நிலை வகுப்புகளில் அடைத்துவைப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேரே பட்டத்துக்கான கணிதத்தில் சேர்த்துவிடுவார்கள். இதனால் மிச்சமாகும் காலம் கொஞ்சமில்லை. ஆனால் பத்து வருடம் கணக்குப் பக்கமே தலைவைக்காதவருக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவருக்காகவே முதன்மை வகுப்போடு ஒட்டிவரும் துணை வகுப்பு வைத்திருக்கிறார்கள். "எனக்கு எதற்கு அது" என்று கௌரவம் பார்க்காமல் அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

பிளஸ் டூவில் படித்ததுதானே என்பவர்களுக்கு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பிலேயே எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் வந்துவிடுகின்றன. பன்னிரண்டில் அவற்றின் பயன்பாடு, வகைக்கெழுச் சமன்பாடு. இலங்கையில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவரும் இதே நிலையில்தான் இருப்பார். ஆகவே இங்குள்ள கால்குலஸ் ஒன்றில் புதிய சூத்திரம் என்று அதிகம் இருக்காது. கால்குலஸ் இரண்டில் பாதி தெரிந்ததாக இருக்கும், மறுபாதியில் முடிவிலாத் தொடர் ஒருங்குகிறதா என்று சோதிக்கும் முறைகள் வரும். இது பிளஸ் டூவில் பார்க்காத பகுதி. பலர் சறுக்குவது இங்கேதான்.

அப்படியானால் கால்குலஸ் ஒன்றைத் தாண்டிவிடலாமா? ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட், மேலே சொன்ன சட்டங்களின் பெயரோடு இதற்குத் தொடர்பில்லை) கால்குலஸ் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தாலோ, கிளெப் என்ற தேர்வை எழுதி வென்றாலோ சில கல்லூரிகள் கிரெடிட் கொடுத்துவிடும். வெறும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலுக்குக் கொடுப்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் கருத்தைக் கேட்டால், படித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் தாண்ட வேண்டாம். காரணம், இங்கே கேள்வி கேட்கும் விதமே வேறு. நாம் "வகையிடுக" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பழகியவர்கள். இங்கே ஒரு வரைபடத்தை மட்டும் கொடுத்து, சூத்திரமே தராமல், எந்த இடத்தில் வகைக்கெழு பூச்சியம், எங்கே அது இல்லாமலே போகிறது, ஏன் என்று இரண்டு வரியில் எழுதச் சொல்வார்கள். அல்லது ஓர் அட்டவணையைக் கொடுத்து, மூன்றாவது மணியில் தண்ணீர் மட்டம் எவ்வளவு வேகமாக உயர்கிறது, அலகோடு சொல் என்பார்கள். வேகமாகக் கணக்குப் போடத் தெரிந்தவரும் இந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பதுண்டு.

குறியீட்டிலும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. நம் பாடநூலில் அடிமானம் போடாமல் லாக் என்று எழுதினால் கால்குலஸ் பகுதியில் அது இயல் மடக்கையைக் குறிக்கும். இங்குள்ள அறிமுக வகுப்புகளில் லாக் என்றால் அடிமானம் 10, இயல் மடக்கைக்குத் தனியாக எல்-என் என்று எழுதுவார்கள். கால்குலேட்டரிலும் அப்படித்தான், இரண்டு பொத்தான்கள். நாம் டிரபீசியம் என்று படித்த வடிவத்துக்கு இங்கே டிரபிசாய்டு என்று பெயர். ஒரு லட்சத்துக்குக் காற்புள்ளி மூன்று பூச்சியத்துக்கு முன்னால் ஒன்றே ஒன்று. முதல் வாரத்திலேயே இவற்றைப் பழகிக்கொண்டால் தேர்வில் வீணாக மதிப்பெண் போகாது.

பதிவு செய்வதற்கு முன்

கிரெடிட் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு என்பது இங்குள்ள மத்திய அரசு விதியே வைத்திருக்கும் கணக்கு. நான்கு கிரெடிட் கால்குலஸ் என்றால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். வேலைக்கும் போய்க்கொண்டு கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் ஒரே செமஸ்டரில் எடுக்கும் வீரம் வேண்டாம்.

கோடை வகுப்பில் இதே பாடத்தை எட்டு வாரத்திலோ ஆறு வாரத்திலோ முடிப்பார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால் சமாளிக்கலாம். கால்குலஸை முதன்முறையாகக் கோடையில் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வீட்டுப்பாடத்தில் செய்த பிழையைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த தேர்வு வந்து நிற்கும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு ஒன்றே ஒன்றுதான், மூன்று கிரெடிட் வரை, சேரும். சரியாக 12 மட்டும் எடுத்துவிட்டு நடுவில் கணிதத்தைக் கைவிட்டால் விசா நிலையே ஆட்டம் காணும். கைவிடுவதற்கு முன்பே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் படிக்கும் துணைவருக்கு இந்த முழுநேர நிபந்தனை இல்லை, ஒரே ஒரு வகுப்பு எடுத்தாலும் குற்றமில்லை.

புத்தகத்தை முன்கூட்டியே வாங்காதீர்கள். ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் அமைப்பு ப்ரீகால்குலஸ், கால்குலஸ் மூன்று தொகுதிகள், அறிமுகப் புள்ளியியல் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. உங்கள் ஆசிரியரே அதைத்தான் வைத்திருக்கவும் கூடும். வேறு புத்தகம் என்றாலும் பயிற்சிக் கணக்குகளுக்கு இது போதும். வீட்டுப்பாடத்துக்கான இணையச் சந்தா கேட்டால், அதற்குச் சில நாள் இலவசமாகப் பயன்படுத்தும் வசதி இருக்கிறதா என்று முதல் வகுப்பில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கால்குலேட்டரும் அப்படித்தான். டிஐ-84 என்ற வரைபடக் கால்குலேட்டரைப் பல புள்ளியியல் வகுப்புகளில் எதிர்பார்ப்பார்கள், சில கால்குலஸ் தேர்வுகளிலோ எந்தக் கால்குலேட்டருக்கும் இடமில்லை. பாடத்திட்டத் தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பல கல்லூரி நூலகங்களில் செமஸ்டர் முழுக்கக் கடனாகவே தருகிறார்கள். வீட்டில் வரைபடம் பார்க்க டெஸ்மாஸ் தளம் போதும், காசு கிடையாது.

சிலபஸ் என்னும் தாள்

முதல் நாள் தரும் சிலபஸை நம்மவர்கள் பாட அட்டவணை என்று நினைத்து மடித்து வைத்துவிடுகிறார்கள். அது ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம். வீட்டுப்பாடத்துக்கு எத்தனை சதவீதம், இடைத்தேர்வு, இறுதித் தேர்வு எத்தனை, தவறவிட்ட தேர்வை மறுபடி எழுதலாமா, மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கழித்துவிடுவார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், மதிப்பெண் சான்றிதழில் டபிள்யூ என்ற எழுத்தோடு விலகக் கடைசி நாள் இரண்டையும் கல்லூரி நாட்காட்டியில் பார்த்து, அன்றைக்கே கைப்பேசியில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

ப்ரீகால்குலஸ்: உண்மையான சண்டை நடக்கும் இடம்

கால்குலஸில் தோற்றவரின் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். வகையிடல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போதோ அடைப்புக்குறியை விரிக்கும்போதோ கை தவறியிருக்கும். ப்ரீகால்குலஸைக் கடந்துபோகும் வாசலாக எண்ணாமல் கையைச் சரிசெய்துகொள்ளும் வகுப்பாக எடுத்துக்கொண்டவருக்குக் கால்குலஸ் பாதி முடிந்த மாதிரி.

அடிக்கடி வரும் பிழைகளை எண்களால் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25. ஆகவே வர்க்கம் கூட்டலுக்குள் நேராகப் புகாது. 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5, தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 7. 1/(2+3) என்பது 1/5, 1/2 + 1/3 என்பதோ 5/6. 100 + 10-க்கு மடக்கை எடுத்தால் 2.04 அளவில் வரும், தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 3. எழுத்தில் ஒரு படி சந்தேகமாக இருந்தால் இப்படிச் சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது தேர்வறையில் அரை நிமிட வேலை.

பாடத்தின் நடுநாயகம் சார்பு என்னும் கருத்து. ஓர் உள்ளீடு, அதற்கு ஒரே ஒரு வெளியீடு. இதைச் சூத்திரம், அட்டவணை, வரைபடம், வாக்கியம் என்று நான்கு வடிவிலும் மாற்றி மாற்றி எழுதிப் பழகுங்கள். ஒரு வரைபடத்தை வலப்பக்கம் இரண்டு அலகு நகர்த்த எக்ஸிலிருந்து 2-ஐக் கழிக்க வேண்டும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். டெஸ்மாஸில் அந்த எண்ணை மெதுவாக மாற்றிப் பார்த்தால் கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

முக்கோணவியலில் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கு சைன், கொசைன் மதிப்புகள் தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும். கூடவே ரேடியன். 180 பாகை என்பது பை ரேடியன். கால்குலஸில் எல்லாமே ரேடியனில்தான், ஏனென்றால் கோணத்தை ரேடியனில் அளந்தால்தான் சைனின் வகைக்கெழு வேறெந்தப் பெருக்கலும் ஒட்டாமல் கொசைனாக வருகிறது. கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் பாருங்கள்.

கால்குலஸ் ஒன்று

முதல் மூன்று நான்கு வாரம் எல்லை என்ற ஒரு கருத்தையே சுற்றிவரும். பிளஸ் டூ படித்தவர் "இது தெரிந்ததுதானே" என்று இங்கே அசந்துவிடுவார். எண்களோடு ஒருமுறை செய்து பாருங்கள். எக்ஸ் வர்க்கம் என்ற சார்பில், எக்ஸ் 3-லிருந்து 3.1-க்குப் போனால் மதிப்பு 9-லிருந்து 9.61-க்குப் போகிறது. 0.61-ஐ 0.1-ஆல் வகுத்தால் 6.1. இன்னும் நெருங்கி 3.01 என்றால் 6.01, 3.001 என்றால் 6.001. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 6-ஐ நெருங்குகிறது. அந்த 6-தான் 3-இல் வகைக்கெழு, தொடுகோட்டின் சாய்வு. வகையிடல் விதிகள் எல்லாம் இந்தக் கூட்டல் கழித்தலை ஒவ்வொரு முறையும் செய்யாமலிருக்க வந்த குறுக்குவழிகள். முதல் இடைத்தேர்வில் விதியைப் பயன்படுத்தாமல் வரையறையிலிருந்தே வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சூத்திரத்தை நேரே எழுதிச் சரியான விடை கொடுத்தாலும் பூச்சியம் விழும்.

சங்கிலி விதிக்கு மட்டும் மற்ற விதிகளைவிட இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். பின்னால் வரும் மறைமுக வகையிடல், தொடர்புடைய வீதங்கள், பிரதியிட்டுத் தொகையிடல் எல்லாமே அதன் மேல் நிற்கின்றன.

வாக்கியக் கணக்குகளில் ஏணிக் கணக்கு கட்டாயம் வரும். 10 அடி ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது, அடிப்பக்கம் வினாடிக்கு 1 அடி வீதம் வெளியே நழுவுகிறது. அது சுவரிலிருந்து 6 அடியில் இருக்கும்போது மேல்முனை எவ்வளவு வேகமாக இறங்குகிறது? படம் வரையுங்கள், மாறுவதற்கெல்லாம் எழுத்து கொடுங்கள், பிதாகரஸ் உறவை எழுதுங்கள், காலத்தைப் பொறுத்து வகையிடுங்கள். எண்களைப் போடுவது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு 6-ஐ முன்பே போட்டுவிட்டால் அது மாறிலியாகி, வகையிட்டவுடன் பூச்சியமாகிவிடும். முறையாகச் செய்தால் அந்நேரம் உயரம் 8 அடி, மேல்முனை வினாடிக்கு 0.75 அடி வேகத்தில் இறங்கும். "அடி/வினாடி" என்பதை எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும், "இறங்குகிறது" என்று திசையைச் சொல்லாவிட்டாலும் குறையலாம்.

படிக்கும் விதம் பற்றி ஒன்று. தீர்த்த கணக்கைப் படித்து "புரிகிறது" என்று பக்கத்தைத் திருப்புவது நேர விரயம். விடையை மூடிவைத்து வெறுந்தாளில் நீங்களே போட்டு, மாட்டிக்கொண்ட வரியில் மட்டும் திறந்து பார்த்து, மறுநாள் அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து போடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் தீர்வு தரும் செயலிகள் உங்கள் விடையைச் சரிபார்க்க உதவும். ஆனால் இணைய வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நூறும் இடைத்தேர்வில் நாற்பதும் எடுத்தால், வீட்டுப்பாடத்தை யார் செய்தது என்று ஆசிரியருக்குப் புரிந்துவிடும். தேர்வு வைக்கும் ஆளுக்கு அது பழகிய காட்சி.

அறிமுகப் புள்ளியியல்: கணக்கைவிட வாக்கியம்

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சுலபம் என்ற பேச்சை நம்பி வருபவர்கள் உண்டு. கணக்கு உண்மையிலேயே குறைவுதான், பாதியைக் கால்குலேட்டரே செய்துவிடும். மதிப்பெண் இருப்பது விடைக்குப் பிறகு எழுதும் வாக்கியத்தில். ஆங்கிலத்தில் கச்சிதமாக எழுதப் பழகாத புதியவருக்கு இது கால்குலஸைவிடக் கடினமாகவே இருக்கலாம்.

ஒரு கருத்துக்கணிப்பை எடுத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் தேர்ந்த 1,000 வாக்காளர்களில் 52 சதவீதம் பேர் ஒரு திட்டத்தை ஆதரிக்கிறார்கள். 95 சதவீத நம்பிக்கை அளவில் பிழை எல்லை ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி. ஆகவே இடைவெளி 49-லிருந்து 55 வரை. இதுவரை பொத்தான் வேலை. இதை விளக்கச் சொன்னால் "95 சதவீத மக்கள் ஆதரிக்கிறார்கள்" என்று எழுதுபவரும் உண்டு, "52 சதவீதம் என்பது 95 சதவீதம் சரி" என்று எழுதுபவரும் உண்டு. எழுத வேண்டியது இதுதான்: எல்லா வாக்காளர்களிலும் இத்திட்டத்தை ஆதரிப்போரின் விகிதம் 49-க்கும் 55-க்கும் இடையில் இருக்கிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்கிறோம். அந்த 95 எதைக் குறிக்கிறது? இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி கட்டினால், நூற்றில் ஏறக்குறைய 95 இடைவெளிகள் உண்மையான விகிதத்தைப் பிடித்துவிடும் என்பதை. இடைவெளியில் 50-ம் அடங்கியிருப்பதால் பெரும்பான்மை ஆதரவு உறுதி என்று சொல்ல முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை யோசித்து எழுதுபவருக்குத்தான் முழு மதிப்பெண். பிழை எல்லையைப் பாதியாக்க 2,000 பேரைக் கேட்டால் போதாது, 4,000 பேர் வேண்டும். மாதிரி அளவின் வர்க்கமூலம் வகுக்கும் இடத்தில் இருப்பதுதான் காரணம், தேர்வுக்குப் பிடித்த கேள்வியும்கூட.

மாதிரி பெரிதாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் முகவரி எடுத்தது ஒரு கோளாறு, பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்பது இன்னொன்று. ஒருபக்கம் சாய்ந்த மாதிரியைப் பெரிதாக்கினால் தவறு பெரிதாகத்தான் தெரியும். இந்தக் கதையைப் பெரும்பாலான வகுப்புகளில் இரண்டாம் வாரத்திலேயே கேட்பீர்கள்.

அடுத்த தடை பி-மதிப்பு. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி 9 முறை தலை விழுந்தால் அது கோணலான நாணயமா? கோணல் இல்லை என்று வைத்துக்கொள்வது இன்மைக் கருதுகோள். அப்படி நேர்மையான நாணயமாக இருந்தால் ஒன்பதோ பத்தோ தலை விழ வாய்ப்பு 11/1024. கோணல் எந்தப் பக்கமும் இருக்கலாம் என்பதால் பூவுக்கும் அதே அளவு சேர்த்தால் 22/1024, அதாவது 0.021. இதுதான் பி-மதிப்பு. வழக்கமாக எல்லையாக வைக்கும் 0.05-ஐவிடக் குறைவு என்பதால் கருதுகோளை நிராகரிக்கிறோம். "நாணயம் நேர்மையானதாக இருக்க வாய்ப்பு 2 சதவீதம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நேர்மையானது என்று வைத்துக்கொண்டுதான் அந்த 2 சதவீதத்தையே கணக்கிட்டோம். நிராகரிக்க முடியாதபோதும் "கருதுகோள் உண்மை என்று நிரூபித்தோம்" என்று எழுதக்கூடாது, "நிராகரிக்கப் போதிய சான்று இல்லை" என்றே எழுத வேண்டும். இந்த வாக்கிய அச்சுகளை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, சூழலை மட்டும் மாற்றி மாற்றி எழுதிப் பழகினால் மொழித் தயக்கம் போய்விடும்.

டி-பரவல் வரும்போது ஒரு சுவாரசியம். அதை 1908-இல் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் வெளியிட்ட கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய ஆலைத் தேவையிலிருந்து பிறந்தது அது. சின்ன மாதிரிக்கு டி, என்று நினைவில் நிற்க இது உதவும்.

சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், ஒட்டுறவு எல்லாம் பள்ளியில் பார்த்தவைதான், அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஆசிரியரிடம் போவது

ஆபீஸ் ஹவர்ஸ் என்று வாரத்தில் சில மணி நேரம் ஆசிரியர் தன் அறையில் உங்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். நம் பிள்ளைகள் அங்கே போகக் கூசுகிறார்கள். திட்டு வாங்கும் இடம் என்று நினைப்பு. "எதுவுமே புரியலை" என்று போய் நிற்காமல், நீங்கள் பாதி வரை போட்ட கணக்கைக் கையில் எடுத்துப் போய், இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று கேளுங்கள். "சார்", "மேடம்" என்று கூப்பிட வேண்டாம், "புரொஃபசர்" என்று குடும்பப் பெயரோடு சொன்னால் பொருத்தமாக இருக்கும். மின்னஞ்சல் எழுதினால் எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, எந்தக் கணக்கு என்று மூன்றையும் குறிப்பிடுங்கள், ஒரே ஆசிரியருக்கு நான்கு பிரிவுகள் இருக்கலாம். கணித உதவி மையம் அநேகமாக எல்லாக் கல்லூரியிலும் இலவசம். தேர்வுக்கு முந்தைய நாள் அங்கே கூட்டம் நெரியும், செமஸ்டரின் இரண்டாம் வாரத்தில் காற்று வாங்கும்.

விலகுவதா, தொடர்வதா

விலகும் கடைசி நாளுக்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். இறுதித் தேர்வுக்கு 30 சதவீதம், மற்ற 70-இல் உங்கள் சராசரி 74 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 80 வேண்டுமென்றால், 74-இல் 70 சதவீதம் 51.8. மீதி 28.2-ஐ 0.3-ஆல் வகுத்தால் 94. இறுதித் தேர்வில் 94 எடுக்க வேண்டும். 70 போதுமென்றால் 61 எடுத்தால் ஆயிற்று. பட்டத்துக்கும் இடமாற்றத்துக்கும் குறைந்தது சி கிரேடு வேண்டும் என்பது பொது வழக்கம். அதற்கும் வழியில்லை என்று எண்கள் சொன்னால் டபிள்யூ வாங்கிக்கொண்டு விலகுவதே மேல். அது சராசரியில் சேராது, தோல்வியைக் குறிக்கும் எஃப் சேரும். விசாவோ அரசு நிதியுதவியோ இருந்தால் அந்த அலுவலகங்களில் முன்கூட்டியே பேசிவிட்டு விலகுங்கள்.

தேர்ச்சி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிலபஸின் மின்நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாண்டு கழித்து வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது, இந்த வகுப்பில் என்னென்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம் என்று கேட்பார்கள். அதற்குள் கல்லூரித் தளத்திலிருந்து அந்தப் பக்கம் எடுக்கப்பட்டிருக்கலாம், ஆசிரியரும் வேறு ஊருக்குப் போயிருக்கலாம்.